பேட்டரி மாற்றியதாகச் சொல்லி 85 வெள்ளி வாங்கினார்கள், உள்ளே இருந்தது என் பழைய பேட்டரி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள், கையில் உடற்பயிற்சிப் பட்டை (ஃபிட்னஸ் பேண்ட்) கட்டியிருந்து அதில் சார்ஜ் நிற்கவில்லை என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 85 வெள்ளி (ரிங்கிட்) போனது. அதுகூடப் பரவாயில்லை, பட்டையே போய்விட்டது.

நான் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா). ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, இனிப்புநீர் வேறு. அரசாங்க கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "நடக்கிறீங்களா?" என்று கேட்பார்கள், நானும் "நடக்கிறேன்" என்பேன். அந்தப் பொய்யை நிறுத்துவதற்காகவே மகள் தன் முதல் சம்பளத்தில் இந்தப் பட்டையை வாங்கி என் கையில் கட்டிவிட்டாள். அது நடந்து நாலு வருடம் ஆகிறது. அதிலிருந்து மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் பூட்டியதும் செம்பனைக் காட்டு ஓரமாக நடப்பது பழக்கமாகிவிட்டது. நான் ஏன் புதிதாக ஒன்று வாங்காமல் பழையதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது முதல் சம்பளத்துப் பட்டை.

வாங்கிய புதிதில் இதயத் துடிப்பு, தூக்கம், ஆக்சிஜன், வாட்ஸ்ஆப் அதிர்வு எல்லாம் போட்டுவைத்தும் ஆறு நாள் தாங்கியது. மூன்றாம் வருடம் மூன்று நாளாகக் குறைந்தது. இந்த வருடம் நடுவில் ஒன்றரை நாள்கூட இல்லை. அதைவிடக் கொடுமை, 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாட்ஸ்ஆப் வந்து அதிரும், அப்படியே அணைந்துவிடும். சார்ஜில் போட்டால் மறுபடி 30 என்று காட்டும். ஏதோ பேய் பிடித்ததுபோல.

பேய் இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. இந்த லித்தியம் பேட்டரிகள் பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், பொதுவாக 300 முதல் 500 சுற்றுக்குள் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வயதான பேட்டரிக்குள் மின்சாரம் ஓடுவதைத் தடுக்கும் மின்தடையும் ஏறிவிடும். அதிர்வு மோட்டாரோ ஜிபிஎஸோ திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது அதனால் கொடுக்க முடியாது, மின்னழுத்தம் சட்டென்று விழும், பட்டை அணைந்துவிடும். அந்த 35 சதவீதம் ஒரு கணக்குத்தான். வயதானவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை நன்றாகத்தான் இருப்பார், எழுந்து மாடிப்படி ஏறச் சொன்னால்தானே தெரியும்.

இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. பட்டையைக் காரிலேயே சார்ஜ் போடுவேன். ஆபீஸ் வாசலில் நிழலே கிடையாது, டாஷ்போர்டு மேல் பட்டை, கண்ணாடி வழியாக வெயில். சூட்டில் முழுச் சார்ஜோடு கிடப்பதைப்போல இந்தப் பேட்டரிக்கு வேறு எதுவும் கெடுதல் இல்லை. நாலு வருடம் நானே அதை வறுத்திருக்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவீர்கள், அங்கேயும் இதே வித்தை இருக்கலாம். வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. கைப்பேசி பழுது பார்க்கும் கடை, நம்ம பையன்தான். பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"பேட்டரி போச்சு ஆன்ட்டி. ஒரிஜினல் போட்டுத் தரேன். 85 வெள்ளி."

"மாத்த முடியுமா தம்பி? ஒட்டி மூடியிருக்கே?"

"அதெல்லாம் டெய்லி செய்றோம் ஆன்ட்டி. நாளைக்கு வாங்க. ஆங், உங்க போனையும் கொடுத்துட்டுப் போங்க, பேட்டரி மாத்தினா அப்டேட் பண்ணணும்."

போனைக் கேட்டபோதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நாளை வரை போன் இல்லாமல் முடியாது என்றதும், "அப்ப வாங்கும்போது கொண்டு வாங்க, அஞ்சு நிமிஷம்" என்றான். மறுநாள் போனேன். பட்டையைக் கொடுத்தான், என் போனை வாங்கிப் பட்டையின் செயலிக்குள் போய் என்னமோ தட்டினான், சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தான். ரசீதில் மலாயில் இரண்டே வார்த்தை, 'செர்விஸ் பத்தேரி'. கீழே தொகை. அதன் கீழே ரப்பர் முத்திரையில் ஏழு நாள் வாரண்டி.

நாலு நாள் நின்றது. ஒன்றரை நாளிலிருந்து நாலு நாள்! ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன். இரண்டு பேரை அதே கடைக்கு நானே அனுப்பியும் வைத்தேன், அந்தப் பாவம் வேறு என் தலையில்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது என் போனை எடுத்துச் செயலியைப் பார்த்தவள், "அம்மா, ஏன் ஆகஸ்டுலேருந்து உங்க இதயத் துடிப்பே இல்ல?" என்றாள். உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் தினமும் பார்ப்பது எத்தனை எட்டு நடந்தேன் என்பதை மட்டும்தான், மற்ற பக்கங்களுக்குப் போவதே கிடையாது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். நாள் முழுவதும் துடிப்பு பார்ப்பது அணைக்கப்பட்டிருந்தது. இரவு ஆக்சிஜனும் அப்படியே. கையைத் தூக்கினால் திரை எரிவதையும் வாட்ஸ்ஆப் அதிர்வையும் நிறுத்தியிருந்தான், திரை வெளிச்சத்தை ஆகக் கீழே இறக்கியிருந்தான். அதிர்வு வரவில்லையே, திரையை அழுத்தினால்தான் எரிகிறதே என்று எனக்கும் தோன்றியதுதான். புது பேட்டரிக்கு அப்படித்தான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் கடையிலிருந்து பட்டையை வாங்கிய அதே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. மகள் அவற்றைப் பழையபடி போட்டுவிட்டாள். மறுநாள் மாலைக்குள் பட்டையின் சார்ஜ் செத்துவிட்டது.

புரிகிறதா? பட்டையில் ஓயாமல் மின்சாரம் தின்பவை பச்சை விளக்கு எரிந்து துடிப்பு பார்ப்பதும் திரையும் தூக்கத்தில் ஆக்சிஜன் பார்ப்பதும்தான். அவற்றை நிறுத்தினால் கிழட்டு பேட்டரியும் இரண்டு மூன்று மடங்கு நாள் தாங்கும். இது நானே வீட்டில் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை. பழைய பட்டையை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதற்கு நல்ல யோசனையும்கூட. அதைத்தான் பேட்டரி மாற்றினேன் என்று 85 வெள்ளிக்கு எனக்கு விற்றிருக்கிறான்.

ஆனால் அவன் பட்டையைத் திறக்க முயற்சியும் செய்திருக்கிறான். விளிம்பில் கறுப்புப் பசை புதிதாகப் பிசிறு பிசிறாக இருந்ததை மகள் காட்டினாள். இதுதான் பெரிய சேதம். இந்தப் பட்டைகள் தண்ணீர் புகாமல் இருப்பது ஆலையில் ஒட்டிய அந்தப் பசையால்தான். ஒருமுறை பிரித்தால், பெட்டியில் போட்டிருக்கும் 50 மீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. தீபாவளி முடிந்த வாரம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீடு வந்து பார்த்தால் திரைக்குள் ஆவி, சோறு கொதிக்கும் சட்டிக் கண்ணாடி மூடி மாதிரி.

ஈப்போவுக்கு எடுத்துப் போனோம். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவர், அறுபதைத் தாண்டியவர். 15 வெள்ளிக்குத் திறந்து பார்க்கிறேன் என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடேற்றும் தட்டில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார். உள்ளே திரையையும் உடம்பையும் இணைக்கும் நாடா காகிதத்தைவிட மெல்லியது, கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்துவிடுமாம். டெய்லி செய்கிறோம் என்றானே அந்தப் பையன்.

பெரியவர் பேட்டரியைச் சுட்டிக்காட்டினார். "இனி பத்தேரி அசால், ஆன்ட்டி. பெலும் பெர்னா துக்கார்."

ஆலையிலிருந்து வந்ததே இதுதான், ஒருமுறைகூட மாற்றவில்லை. அடியில் இருக்கும் ஒட்டுநாடா ஆலையில் ஒட்டியபடியே இருந்தது. மேலே அச்சிட்டிருந்த தேதி, மகள் பட்டை வாங்கிய வருடத்துக்கு முந்தைய வருடம். பையன் ஓரத்தைப் பிரித்துப் பார்த்து, நாடாவைக் கண்டு பயந்து, மறுபடி ஒட்டி மூடியிருக்க வேண்டும் என்பது பெரியவரின் ஊகம். மகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டாள். மின்சுற்றுப் பலகையில் பச்சை பூத்துவிட்டது, இனி பேட்டரி போட்டும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்.

அவர் இன்னொன்றும் காட்டினார், இணையத்தில் பேட்டரி வாங்கி நீங்களே போடலாம் என்று நினைப்பவர்களுக்கு. மேசை இழுப்பறையிலிருந்து ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே தடிமனில் இரண்டு பேட்டரி எடுத்தார். ஒன்றில் 120 மில்லியாம்பியர்-மணி (mAh) என்று இருந்தது, மற்றதில் 250. அதே அளவுச் சட்டியில் இரண்டு மடங்கு சோறு எப்படி வேகும்? அச்சடிக்க மை இருந்தால் எந்த எண்ணையும் போடலாம் என்று சிரித்தார். அப்புறம் முகம் மாறி, திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தால் அது பேட்டரி உப்புவது, அன்றைக்கே கையிலிருந்து கழற்றிவிடுங்கள், சார்ஜும் போடாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள் என்றார். தீப்பிடிக்கக்கூடியது, அதுவும் தோலை ஒட்டி.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். பையன் ரசீதை வாங்கிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, ஏழு நாள் எப்பவோ முடிஞ்சிருச்சு. அப்புறம் மாத்தினோம்னு எங்க எழுதியிருக்கு? செர்விஸ்னுதானே போட்டிருக்கோம்?"

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த இரண்டு வார்த்தை அவசரத்தில் எழுதியது இல்லை. அதை யோசித்து எழுதியிருக்கிறார்கள். 25 வருடமாகச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதுகிறவள் நான், எந்த வார்த்தையை எதற்காக விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

சத்தம் போடவில்லை. கடை முதலாளி வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் படங்களைக் காட்டினேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக் காசு வாங்குவது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது, உங்கள் ஏழு நாள் முத்திரை அந்தச் சட்டத்தை அழித்துவிடாது என்றேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்பதையும் சொன்னேன். இதெல்லாம் முந்தின இரவு மகள் தேடி எழுதிக் கொடுத்தது, எனக்கு முன்னால் தெரியாது. முதலாளி பையனைப் பார்த்தார், பையன் தரையைப் பார்த்தான். 85 வெள்ளி கல்லாவிலிருந்து வந்தது. பட்டைக்கு ஈடாக அலமாரியில் தொங்கிய பெயரில்லாத பட்டை ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வழக்குப் போட்டிருக்கலாமே என்று மகள் இன்னும் சொல்கிறாள். நாள் ஒதுக்கி அலைய எனக்குத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

நம்ம ஊர் மோட்டார் சைக்கிள் போர்மேனைப் பாருங்கள். பிரேக் ஷூ மாற்றினால் தேய்ந்த பழையதைக் கேட்காமலே கையில் கொடுப்பார், தூக்கிப் போட வேண்டியது நம் வேலை. இங்கேயும் அதையே கேளுங்கள். வேலைக்குக் கொடுக்கும்போதே, பழைய பேட்டரி எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம். வாங்கிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பட்டையைக் கடையில் கொடுப்பதற்கு முன் செயலியின் அமைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் அதே அமைப்பில் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். போனைக் கேட்டால் என்ன செய்கிறார்கள் என்று தோளுக்கு மேல் எட்டிப் பாருங்கள். ரசீதில் 'பேட்டரி மாற்றியது' என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் புகாது என்று யாராவது சத்தியம் செய்தாலும் அதன்பின் கழற்றிவிட்டே குளியுங்கள்.

மகள் புதிது வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். பழைய பட்டை வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். செம்பனை நடுவது மரத்துக்கு மரம் 9 மீட்டர், என் காலுக்கு அது 14 எட்டு. இப்போது மரத்தை எண்ணிக்கொண்டு நடக்கிறேன். போக நூறு மரம், வர நூறு மரம். நேற்று அறுபத்து மூன்றாவது மரத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிட்டார், எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.