கயாக் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

மூன்று மாதமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கேஸ் போடுவேன் என்று அவரே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார், எனக்கு அலைய நேரமில்லை. ஆனால் என்னோடு தூண்டில் போடுகிற நாலைந்து பேர் தீபாவளி போனஸில் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகு, வாங்கப் போகிறேன் என்கிறார்கள். அவர்களுக்காகவாவது சொல்லிவிட வேண்டும்.

எட்டு வருடமாக, சென்னையை அடுத்த முட்டுக்காடு உப்பங்கழிக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன் நான். நம் வீச்சு எட்டாத இடத்தில் கொடுவா மீன் துள்ளுவதை எட்டு வருடம் வேடிக்கை பார்த்தால் யாருக்கும் ஒரு படகு ஆசை வரத்தான் செய்யும். தாம்பரத்தில் அடுக்குமாடி வீடு, சின்ன கார். காரின் தலையில் கட்டிக்கொண்டு போக முடிகிற படகு என்றால் எனக்குக் கயாக்தான்.

கயாக்கில் இரண்டு ஜாதி. காலை நீட்டி உள்ளே நுழைந்து உட்காருவது ஒன்று, மேலேயே உட்காருவது இன்னொன்று. தூண்டிலுக்கு இரண்டாவதுதான் சரி. கவிழ்ந்தாலும் மறுபடி ஏறலாம், மேலே விழுகிற தண்ணீர் தானாக வடிந்துவிடும். நம் கட்டுமரத்தின் யோசனைதான் இது. கட்டுமரத்தில் கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். கயாக்கில் அதற்கென்று தளத்திலிருந்து அடிப்பாகம் வரை நேராகக் குழாய் மாதிரி ஓட்டைகள் விட்டிருப்பார்கள், ஸ்கப்பர் என்று பெயர். இந்த ஓட்டைக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஏறி நிற்கும், அதில் தப்பில்லை. அந்தக் குழாயின் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது படகின் வெற்று வயிறு. சுவரில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஏமாந்தது முழுக்க இங்கேதான்.

ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஈசிஆர் பக்கம் ஒரு கொட்டகைக்குப் போனேன். பத்தடி நீளம், முப்பது அங்குல அகலம், ஆரஞ்சு நிறம். "டிஸ்ப்ளே பீஸ் ப்ரோ, தண்ணியே பார்க்கல" என்றார். 38,000 ரூபாய். சீட், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் இலவசம், மூன்று வருட கியாரண்டி வாயால். "180 கிலோ தாங்கும், நின்னுக்கிட்டே தூண்டிலை கேஸ்ட் பண்ணலாம்."

பக்கத்துப் பண்ணை வீட்டு நீச்சல் குளத்தில் இறக்கிக் காட்டினார். அவரிடம் வேலை செய்கிற ஒரு பையன், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான், ஏறி உட்கார்ந்தான், எழுந்து நின்றான், ஒரு ஆட்டமும் போட்டான். பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிற அடித் திருகைத் திறந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. அடிப்பாகம் பாலிஷ் போட்ட மாதிரி மின்னியது. சீட்டுக்குப் பின்னால் பெரிய மீன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும் ப்ரோ, வேணுமா?" என்றார். வேண்டாம் என்றது நான்தான். பணத்தை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்தேன். லெட்டர்பேடில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார், அதில் "படகு" என்ற சொல்லே கிடையாது. "உபகரணங்கள்" என்றிருந்தது.

முதல் தடவை இறக்கியது ஆனி மாதம். முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்தது, தண்ணீர் அசைவே இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுக் கரையேறித் திருகைத் திறந்தால் இரண்டு மக் தண்ணீர் வந்தது. போன் செய்தேன். "எல்லா கயாக்லயும் கொஞ்சம் வரும் ப்ரோ, நார்மல்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. சாமான் வைக்கிற அறையின் மூடி இடுக்கு வழியாக ஒரு டம்ளர் போவது சகஜம்தான். இரண்டாம் தடவை அரை வாளி வந்தது. மூடியின் ரப்பர் போயிருக்கும் என்று சொல்லி, புது ரப்பர் வளையம் ஒன்றைத் தன் செலவில் கூரியரில் அனுப்பினார். ஐம்பது ரூபாய் ரப்பர் வந்ததும் ஆள் நல்லவர்தான் என்று முடிவு கட்டினேன் பாருங்கள், அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்வது.

மூன்றாம் தடவை முழு ஆயத்தத்தோடு போனேன். நான் 86 கிலோ. அதோடு இரண்டு தூண்டில் ராட், நங்கூரம், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் என்று இன்னும் இருபது கிலோ. வெயிலில் காரின் மேல் காய்ந்த படகை நேராகத் தண்ணீரில் இறக்கினேன். சூடான படகு குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சும். இது அப்புறம் தெரிந்துகொண்டது.

எட்டரை மணி வாக்கில் படகு சொன்னபடி கேட்கவில்லை. துடுப்பை வலது பக்கம் போட்டால் யோசித்துவிட்டுத் திரும்பியது, கொஞ்சம் சாய்ந்தால் குடிகாரன் மாதிரி சாய்ந்தபடியே நின்றது. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் கனம் கூடுவதோடு போவதில்லை. சாய்ந்த பக்கமாக எல்லாம் ஓடிவந்து இன்னும் சாய்க்கும். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, நீங்கள் எந்தப் பக்கம் விழப் போகிறீர்களோ அந்தப் பக்கத்தில் போய் உட்காரும். எனக்கு அப்போது உறைக்கவில்லை, காற்று என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ராட் வளைந்தது. கொடுவா. இடது பக்கம் சாய்ந்து இழுத்தேன். அவ்வளவுதான்.

தலைகீழாகப் போனதில் முதலில் கைவிட்டது அந்த இலவச லைஃப் ஜாக்கெட். நான் கீழே போக, அது மேலே வந்து காதுவரை ஏறிவிட்டது. வாயும் மூக்கும் ஸ்பாஞ்சுக்குள். படகை நிமிர்த்த முடியவில்லை, வயிறு நிறைய தண்ணீர். கத்தினேன். சற்றுத் தள்ளி வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வலையைத் தோளில் போட்டபடி என்னையே பார்த்தார்.

"தம்பி, நில்லு."

"அண்ணே, காப்பாத்துங்கண்ணே!"

"நில்லுப்பா. காலை ஊனி நில்லு. இடுப்பளவு தண்ணிதான்."

நின்றேன். மார்பளவு. அவர் என்னைவிட உயரம்.

சிரித்துக்கொள்ளுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். ஊன்றிய இடம் ஆளிச் சிப்பி மேடு, பாதத்தில் ஆறு தையல். ஒரு ராடும் ரீலும் போயின, கயிறு போட்டுக் கட்டி வைக்கவில்லை. கொடுவா போனதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு பக்கத்துக் கோவளத்தில் கடலில் இறக்குவதாக இருந்தேன். ஆனி, ஆடியில் காலை நேரத்தில் கச்சான் என்கிற மேற்குக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கடல் அலையே இல்லாமல் சாதுவாகத் தெரியும், திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிப்பது தெரியும். பாதி மூழ்கிய படகோடு அங்கே மாட்டியிருந்தால் "காலை ஊனி நில்லு" என்று சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி மேல் படகை வைத்தேன். வெளியே ஓட்டை தேடுவதற்குப் பதிலாக, திருகு வழியாக உள்ளே ஹோஸ் பைப்பை விட்டு நிரப்பினேன். அடி முழுக்கக் காய்ந்தே இருந்தது. தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு ஏறிய பிறகுதான் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கப்பர் குழாய்க்குள்ளிருந்து கசிய ஆரம்பித்தது. மீன் ஸ்டிக்கருக்கு நேர் கீழே. ஸ்டிக்கரை உரித்தேன். ஆரஞ்சுக் கலரில் ஏதோ ஒரு பசை, நகத்தால் நெம்பியதும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

நீச்சல் குளத்துக் கண்கட்டு வித்தை அப்போதுதான் விளங்கியது. கீறல் குழாயின் அடியில் இல்லை, பாதி உயரத்தில் இருக்கிறது. ஒல்லிப் பையன் உட்கார்ந்தால் படகு கொஞ்சம்தான் அமிழும், குழாய்க்குள் தண்ணீர் கீறலுக்குக் கீழேயே நிற்கும். நான் என் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்தால் கீறல் தண்ணீருக்குள். அந்தப் பையனை வைத்து நாள் முழுக்க ஓட்டிக் காட்டினாலும் ஒரு சொட்டு வராது.

தெருக்கோடியில் சின்டெக்ஸ் தொட்டிக்கு வெல்டிங் வைக்கிற அண்ணனைக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டியும் இந்த வகைக் கயாக்கும் செய்யப்படுவது ஒரே முறையில்தான்: பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிச் சுழற்றி, இணைப்பே இல்லாத வெற்றுக் கூடாக எடுப்பார்கள். அவர் கயாக்கை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரே நிமிடம் விரலால் தடவினார்.

"சார், இது புதுசில்ல. ரெண்டு இடத்துல ஏற்கெனவே வெல்டு வச்சிருக்காங்க, தேய்ச்சு பாலிஷ் போட்டிருக்காங்க. இங்க மட்டும் வெல்டு எட்டல, அதான் பசை. இந்த பிளாஸ்டிக்ல பசை நிக்காது சார்."

உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். வெளியே பாலிஷ் போடலாம், உள்பக்கம் கை எட்டாது. வெல்டு வைத்த தடம் தழும்பு மாதிரி தெரிந்தது. ஏதோ ரிசார்ட்டில் வாடகைக்கு ஓடி அடிபட்ட படகு என்பது என் ஊகம். ஸ்கப்பர் ஓட்டையில் கம்பியைச் செருகுகிற தள்ளுவண்டியில் வைத்துத் தினமும் மணலில் இழுத்தால் குழாய் இப்படித்தான் கீறும்.

விற்றவரிடம் பேசினேன். முதலில், நான் தரையில் இழுத்திருப்பேன் என்றார். படத்தை அனுப்பியதும், பாறையில் மோதியிருப்பேன் என்றார். வெல்டு தடத்தைக் காட்டியதும், "டிஸ்ப்ளே பீஸ்னு சொல்லித்தானே கொடுத்தேன்" என்றார். அதற்கப்புறம் கேஸ் மிரட்டல், அதற்கப்புறம் பிளாக்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்ச ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். ஆனால் என் கையில் இருப்பது "உபகரணங்கள்" என்று எழுதிய துண்டுச் சீட்டு. கொஞ்சம் ஜிஎஸ்டி மிச்சம் பிடித்த புத்திசாலித்தனத்தின் விலை இது.

மறுபடி வாங்குவதாக இருந்தால், பழசோ புதுசோ, மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடிப்பேன். ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்வேன், உரிக்க மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்புவேன். ஒவ்வொரு ஸ்கப்பருக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுவேன். குளத்தில் காட்டும்போது நானே உட்காருவேன், என் சாமான் கனத்துக்கு ஒரு மூட்டை மணலோடு. அரை மணி நேரமாவது. பின்பு திருகைத் திறந்து அளப்பேன். 180 கிலோ என்றால் எதற்கு 180 கிலோ என்று கேட்பேன். மூழ்காமல் மிதக்கிற எல்லையா, வசதியாக மீன் பிடிக்கிற எல்லையா என்று. நம்முடைய மொத்தக் கனம், சாமானோடு, எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நின்று வீசுகிற ஆசை இருந்தால் முப்பது அங்குல அகலப் படகைத் திரும்பியே பார்க்க வேண்டாம், முப்பத்து நாலாவது வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை இலவசமாக வாங்காதீர்கள். எத்தனை நியூட்டன் (நம்மை மிதக்க வைக்கிற விசையின் அளவு) என்று உள்ளே அச்சிட்டிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 12402-5 என்ற தரத்தில் வருகிற 50 நியூட்டன், நீச்சல் தெரிந்து, உதவி பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு. நீந்தத் தெரியாதவர்களுக்கும் கடலுக்கும் அது போதாது. போட்டுக்கொண்டு, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி வந்தால் அது உங்கள் அளவு கிடையாது. என்னுடையதில் ஒரு எண்ணும் இல்லை. பிரித்துப் பார்த்தேன், மெத்தைக் கடை ஸ்பாஞ்ச்.

வெல்டிங் அண்ணன் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒழுங்காக அடைத்துக் கொடுத்தார். இரண்டு முறை நிரப்பிப் பார்த்துவிட்டேன், கசிவில்லை. ஆனாலும் கால் எட்டுகிற தண்ணீரைத் தாண்டி அதைக் கொண்டுபோக மனசு வரவில்லை.

போன வாரம் நண்பன் ஒருவன் ஒரு விளம்பரத்தை அனுப்பி "இது எப்படிடா?" என்று கேட்டான். வேறு கடைப் பெயர், வேறு நம்பர், பச்சை நிறக் கயாக். நீச்சல் குளம் அதேதான். மேலே உட்கார்ந்து துடுப்பைத் தூக்கிச் சிரிக்கிறவனும் அதே ஒல்லிப் பையன்தான்.