எனிமா பை செட்: பையை வாங்கலாம், உள்ளே இருக்கும் தாளை நம்பக்கூடாது

எனிமா என்றால் மலச்சிக்கலுக்கு ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் தண்ணீரோ மருந்தோ விடுவது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெரு பார்மசிகளில் அதைக் கேட்டால் இரண்டு சாமான் காட்டுவார்கள். ஒன்று, மருந்து நிரப்பி முனையோடு வரும் சின்ன பாட்டில். இன்னொன்று 2 லிட்டர் சிலிக்கோன் பை, ஒன்றரை மீட்டர் குழாய், கிளிப், இரண்டு முனை, கொக்கி எல்லாம் சேர்ந்த செட். விலை 40 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு. இந்த விமர்சனம் அந்தச் செட்டைப் பற்றியது.

பை தரமானது. வாய் அகலமாக இருப்பதால் கையை விட்டுக் கழுவலாம். நம்ம ஊர் ஈரத்துக்கு வாய் குறுகிய ரப்பர் பை சரிவராது, உள்ளே பூசணம் பிடித்துவிடும். ஆனால் பக்கத்தில் அச்சடித்த அளவுக்கோட்டை நம்ப வேண்டாம். தொங்கவிட்டால் சிலிக்கோன் இழுபடும், கோடும் ஏமாற்றும். தண்ணீரை ஜக்கில் அளந்தே ஊற்றுங்கள்.

முனைகளில் மெல்லியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது வளையும், நுனியும் உருண்டை. தடித்த கெட்டி முனையின் நீளவாக்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் அச்சு ஒட்டிய இடம் மெல்லிய கோடாகத் தட்டும். குடலின் உள்தோலைக் கீறி ரத்தம் வரவைக்க அது போதும். கிளிப்பும் மட்டம்தான். ஒன்று முழுக்கத் திறக்கும், இல்லை முழுக்க மூடும். டிரிப் குழாயில் இருப்பது மாதிரி உருளைக் கிளிப் இருந்திருந்தால் வேகத்தைக் குறைக்கலாம். இதில் குழாயை விரலால் நசுக்கித்தான் குறைக்க வேண்டும்.

பெரிய குறை செட்டோடு வரும் செய்முறைத் தாள். பையை ஷவர் கொக்கியில் மாட்டச் சொல்கிறது. தரையில் படுத்திருப்பவருக்கு அது ஒன்றரை மீட்டருக்கு மேல். தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம்தான். 30 முதல் 45 செ.மீ போதும். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். 2 லிட்டரையும் விடச் சொல்வது அதைவிட மோசம். பெரியவர்களுக்கு 500 மி.லி.யில் தொடங்கலாம், ஒரு லிட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. காப்பி எனிமாவுக்கும் செய்முறை போட்டிருக்கிறார்கள். அதனால் குடல் வெந்ததும், உடம்பின் உப்புச் சமநிலை கெட்டு உயிர் போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிச் சோப்புத் தண்ணீரும் வேண்டாம், குடலைப் புண்ணாக்கும்.

சரியான முறை இதுதான். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு தூள் உப்பு 4.5 கிராம், அதாவது தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கணக்குத் தவறும். வெறும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப விட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சூடு 37 முதல் 40 டிகிரி. குளிர்ந்த தண்ணீர் வயிற்றைப் பிசையும், கூடுதல் சூடு உள்ளே சுடும். முதலில் கிளிப்பைத் திறந்து குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இடப்பக்கம் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கும். தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தடவி, முனையை ஆசனவாய் வழியாகத் தொப்புளை நோக்கி 7–8 செ.மீ மட்டும் செலுத்துங்கள். தடுத்தால் தள்ளாதீர்கள். பிசைந்தால் கிளிப்பை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, அடங்கிய பிறகு தொடருங்கள். ஐந்து, பத்து நிமிடம் அடக்கினால் போதும். எழும்போது சிலருக்குத் தலை சுற்றும், அதனால் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது. அரை மணி நேரமாகியும் தண்ணீர் வெளியே வராவிட்டால் இன்னொரு பை ஊற்றாமல் கிளினிக்கைக் கேளுங்கள்.

வயிற்று வலியோடு வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் பிரியாத நிலை, மலத்தில் ரத்தம், அண்மையில் குடல் அல்லது மூலநோய் அறுவை சிகிச்சை: இவற்றில் எதுவானாலும் பையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் இருதய, சிறுநீரக நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

அப்படியானால் சின்ன பாட்டில் பாதுகாப்பா? எப்போதாவது ஒருமுறை என்றால் அதுதான் சுலபம். வாங்கும்போது பெட்டியில் மால் எண்ணும் (MAL, மலேசிய மருந்துப் பதிவு எண்) ஹோலோகிராமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சோடியம் பாஸ்பேட் வகையை 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் போட்டால் சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (FDA) 2014-இல் எச்சரித்தது. 55 வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்த மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் பார்மசிஸ்டைக் கேட்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அது கூடவே கூடாது.

கழுவும்போது சோப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகவே ஓடவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசி, கிளிப்பைத் திறந்தபடி தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஒரு செட் ஒருவருக்கு மட்டும். குழாயின் உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். குழாயைத் தனியாகக் கேட்டால் கடையில் இல்லை என்கிறார்கள், அதற்காக முழுச் செட்டையும் மறுபடி வாங்க வேண்டியிருப்பது அநியாயம்.