வாளியில் எழுதியிருந்தது ஒன்று, சுவரில் ஏறியது இன்னொன்று

வெளிச்சுவரில் சும்மா சாய்ந்து நின்றேன். நகர்ந்தபோது சட்டை முதுகெல்லாம் மஞ்சள் பொடி. பெயிண்ட் அடித்து 11 மாதம்தான் ஆகியிருந்தது. “7 வருஷத்துக்குச் சுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் சார்” என்று சொன்ன கான்ட்ராக்டரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி வாளிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பொடி உதிர்ந்த அன்றுதான் அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். வெளிப்புற எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) வாளி ஒன்று, 20 லிட்டர். அதன் அடியில் இரண்டு வாளிகள், உட்புறச் சுவருக்கான மலிவு ரகம். மூன்றின் உள்ளேயும் அதே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே என் கண் முன்னால் சீல் உடைத்துக் காட்டியது அந்த ஒரே வாளியைத்தான். மற்றதெல்லாம் சாரத்தின் மேலேயே கலந்து, மேலேயே அடிக்கப்பட்டிருக்கிறது.

கணக்குப் போட்டிருந்தாலே பிடித்திருக்கலாம். என் வீட்டு வெளிச்சுவர் ஏறத்தாழ 1,800 சதுர அடி. சொரசொரப்பான வெளிச்சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். அப்படியென்றால் 30 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். “ஒரு வாளி போதுமா?” என்று கேட்டேன்தான். “தண்ணி சேர்த்தா பெருகும் சார்” என்றார். நானும் தலையாட்டினேன். எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்று வாளியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் சுவரில் நிற்பது பெயிண்ட் இல்லை, வண்ணத் தண்ணீர்.

இரண்டும் எமல்ஷன்தானே, உள்ளே அடிப்பதை வெளியே அடித்தால் என்ன என்று எனக்கும் முன்பு தோன்றியதுண்டு. பெயிண்டில் நிறத்தூளையும் நிரப்புப் பொடியையும் சுவரோடு பிடித்து வைப்பது பிசின். மலிவான உட்புற ரகத்தில் பிசின் குறைவு, சுண்ணாம்புத்தூள் மாதிரியான நிரப்பு அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தக் கொஞ்சப் பிசினையும் அரித்துவிட, பிடிமானம் போய்ப் பொடி உதிர்கிறது. வெளிச்சுவர் பகலில் சூடேறி விரியும், இரவில் சுருங்கும். அதோடு சேர்ந்து இழுபடும் பிசினைத்தான் வெளிப்புற ரகத்தில் போடுகிறார்கள். பாசியும் பூஞ்சையும் பிடிக்காமலிருக்க மருந்தும் சேர்க்கிறார்கள்.

இந்த மருந்து விஷயம் எனக்கு வேறு வழியில் தெரிய வந்தது. வெளிப்புற வாளியில் மிச்சமிருந்ததைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் ஒரு சுவருக்கு அடித்துவிட்டார்கள். “நல்ல பெயிண்ட் சார், வீணாக்குவானேன்” என்று அதற்குச் சமாதானம் வேறு. வெளியே போக வேண்டியது உள்ளே, உள்ளே போக வேண்டியது வெளியே! வாரக்கணக்கில் அந்த அறையில் படுக்க முடியவில்லை, அப்படி ஒரு நெடி. பூஞ்சை மருந்து கலந்த பெயிண்ட் காற்றும் மழையும் படுகிற இடத்துக்கானது, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறைக்கானது அல்ல.

பின்பக்கச் சுவரின் கதை இன்னும் மோசம். அங்கே விரிசல் இருந்ததால் பூச்சை முழுக்கக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாளாவது கொடுக்க வேண்டும். இவர்கள் 9-ஆம் நாளே, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர்கூட இல்லாமல் அடித்துவிட்டார்கள். சரியாகக் காயாத புதுச் சிமெண்டில் காரம் அதிகம், உள்ளே ஈரமும் நிற்கும். ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். இரண்டே மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து எழும்பியது.

என் பங்குத் தப்பும் ஒன்று உண்டு. கலர் அட்டையில் பார்த்துப் பளிச்சென்ற மஞ்சளாகக் கேட்டது நான்தான். அந்த மாதிரிப் பளீர் நிறங்களில் பல வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி, மண் மஞ்சள் போல இரும்பு ஆக்சைடில் வரும் நிறங்கள்தான் தாக்குப்பிடிக்கும். அட்டையில் விரல் அகலத் துண்டைப் பார்த்து முடிவு செய்ததற்குப் பதிலாக, சுவரில் நாலடிக்கு நாலடி அடித்துப் பார்த்து, காலையிலும் மாலையிலும் ஒரு தடவை கவனித்திருக்கலாம்.

7 வருட உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டேன். “அது கம்பெனி கொடுக்கறது சார், நான் கொடுக்கலை” என்றார். உண்மைதான். ஆனால் அந்தத் தாளில், சொன்ன பிரைமரைப் போட்டு, சொன்ன முறையில் அடித்தால்தான் செல்லும் என்றும் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் நான் என்ன பேச?

இப்போது வேறு பெயிண்டர் வேலை செய்கிறார். பொடியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பிரைமர் என்கிறார். வாளிகளை நானே வாங்குகிறேன். பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரானதைக் காட்டும் எண்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மூடியைப் படம் எடுத்து, என் எதிரில்தான் திறக்கச் சொல்கிறேன். அவர் முகம் கோணுவது தெரிகிறது, பரவாயில்லை.

பின்பக்கச் சுவரில் மட்டும் இன்னும் எதையும் அடிக்கவில்லை. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, நிழல் விழும் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு வைத்தோம். மறுநாள் பிரித்தபோது உட்பக்கத்தில் முத்து முத்தாக நீர். “அடுத்த மாசம் பார்க்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு முன்பக்கத்துக்குப் போய்விட்டார்.