‘அதனால்’ முதலா, ‘பெய்ததால்’ முதலா?

காரணமும் விளைவும் சேர்ந்த வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, ‘அதனால்’ போட்டு இணைப்பது: “கடும் மழை பெய்தது, அதனால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன.” வினைச்சொல் மாறாது. காரணம் ஒரு தாள் துண்டில், விளைவு இன்னொன்றில், நடுவே ‘அதனால்’. வரிசை பிழைத்தால் வாசிக்கும்போதே காதில் படும்.

மற்றது: “கடும் மழை பெய்ததால் வான்கதவுகள் திறக்கப்பட்டன.” பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ‘யானைகள் வயலுக்குள் புகுந்தன’ என்பதைப் ‘புகுந்தனதால்’ என்று எழுதுவார்கள். பன்மை விகுதி போய்ப் ‘புகுந்ததால்’ ஆக வேண்டும். ‘பெய்யவில்லை’ என்றால் ‘பெய்யாததால்’. ஒரு ‘த’ விடுபட்டுப் ‘பெய்தால்’ ஆனாலோ காரணம் போய் நிபந்தனை வந்துவிடும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியே காட்ட வேண்டும். ‘பெய்ததால் அதனால்’ என்று இரட்டிப்பதும் உண்டு.

எங்கள் தெரிவு, முதலில் ‘அதனால்’. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் தரம் 5 கட்டுரையிலும் வரிக்கு வரி ‘அதனால்’தான் வரும். ஆகவே, ‘அதனால்’ போட்டுச் சரியாக இணைத்த அதே வாக்கியங்களையே அடுத்து ‘பெய்ததால்’ போல ஒன்றாக்கக் கொடுங்கள். புது வாக்கியம் கொடுத்தால் பிள்ளை காரணத்தையும் தேடி, வினையையும் மாற்றப்போய், இரண்டிலும் பிழை விடும்.