ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? 3,400 ரூபாயைத் தொலைத்தவன் எழுதுகிறேன்

இன்று சாயங்காலம்தான் அந்தக் கடைக்குக் கடைசியாகப் போய்விட்டு வந்தேன். வந்த சூட்டோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,400 ரூபாய்! பைக்குக்கு எல்.இ.டி. பல்பு போடலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதைப் பார்த்து வாங்கணும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ரெட்டியார்சத்திரம் பக்கம். லோடு அனுப்பிக் கணக்கு முடித்துக் கிளம்ப ராத்திரி பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். வண்டி 2014 ஸ்பிளெண்டர். அது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், முறுக்கினால் லைட் எரியும், விட்டால் மங்கும். ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை, இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்குத் தக்கபடி மேக்னட் காயிலிலிருந்து வருகிறது. பல்பும் 35 வாட்தான். பள்ளத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தால் பள்ளமே மறைந்துவிடும்.

தை பிறந்தால் பழனி பாதயாத்திரை. செட்டிநாட்டுப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக வருகிற கூட்டமெல்லாம் எங்கள் ரோட்டில்தான் நடந்து போகும். பச்சை வேட்டியும் காவித்துண்டும் இருட்டில் கண்ணிலேயே படாது. போன வருஷம் ஒரு அம்மாவின் முழங்கையில் என் வண்டிக் கண்ணாடி உரசிவிட்டது. "பார்த்துப் போப்பா" என்றதோடு அவர் நடந்துவிட்டார். வீடு வரும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அதனால்தான் இந்த மார்கழிக் கடைசியில் பல்பு மாற்றக் கிளம்பினேன்.

கடை திண்டுக்கல்லில். பெயர் போடவில்லை, வம்பு வேண்டாம். ஹெல்மெட், ஹாரன், ஸ்டிக்கர், கிராஷ் கார்டு எல்லாம் வாசலிலேயே தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாதிரிக் கடை.

நான் கேட்டது 800 ரூபாய் பல்புதான். ஓனர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப ரேக்கிலேயே வைத்தார். "வேணாண்ணே. ராத்திரில ஓட்டுற ஆளு, புள்ளகுட்டிக்காரரு. இதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல." அங்கேதான் விழுந்தேன். கேட்ட பொருளையே விற்க மாட்டேன் என்கிறவன் ஏமாற்றுவானா என்று தோன்றியது. 2,200 ரூபாய் பல்பை விற்க 800 ரூபாய் பல்பை வேண்டாம் என்று சொல்வதில் என்ன தியாகம் இருக்கிறது? இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை.

பெட்டியில் 120 வாட் என்று அச்சடித்த ஒன்றை எடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழே கிடந்த பேட்டரியில் ஒயரைத் தொட்டார். எதிர்ச்சுவர் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. பக்கத்திலேயே சாதா பல்பையும் எரியவிட்டார், அது சிம்னி விளக்கு மாதிரி அழுது வடிந்தது. ஆறடியில் இருக்கிற சுவரில் எந்த வெளிச்சமும் அள்ளத்தான் செய்யும், ரோடு என்ன ஆறடியா? டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

பல்பு 2,200. ரிலே (பேட்டரிக் கரண்டை லைட்டுக்குத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து டி.சி. லைன் இழுக்க 700. பிட்டிங் 500. ஆக 3,400. ஒரு வருஷம் வாரண்டி என்று பெட்டி அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்தார், சீல் இல்லை. ஜீபே பண்ணும்போது கடைப்பெயர் வராமல் ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்ணே." பில் கேட்டால் மேலே எஸ்டிமேட் என்று போட்ட துண்டுச்சீட்டு. பல்பின் பின்னாலிருக்கும் குட்டி ஃபேன் இடிக்கிறது என்று, டூமுக்கு (ஹெட்லைட் கூடு) பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கடைப்பையன் பிளேடால் வட்டமாக அறுத்தான். நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். நல்லா எரிந்துகொண்டிருந்த பழைய பல்பு குப்பைக்கூடைக்குப் போனது.

முதல் ராத்திரியே சந்தேகம். முன்சக்கரத்துக்கு எதிரே பால் கொட்டின மாதிரி வெளிச்சம், அதைத் தாண்டினால் முன்பைவிட இருட்டு. டிம்மில் போட்டாலும் வேப்பமர உச்சி வரைக்கும் தெரிகிறது. எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டினார்கள். மூன்றாம் நாள் எக்ஸெல்லில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டே திட்டினார்: "ஏன்யா, நீ பார்க்கணும்னா எதிர்ல வர்றவன் குருடாகணுமா?" தூறல் போட்ட அன்றைக்கு இன்னும் மோசம், ஈர ரோட்டில் அந்த வெள்ளை வெளிச்சம் இருக்கிற இடமே தெரியவில்லை. பத்தாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாலை முழுக்க சாமிகள். லைட் இரண்டு தடவை துடித்து அணைந்துவிட்டது. முன்னால் முப்பது நாற்பது பேர் நடக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டே "சாமி ஓரம், சாமி ஓரம்" என்று கத்தினேன். ஒருவர் டார்ச் அடித்து என்னை மண்ணில் இறக்கிவிட்டார். வீடு வரை ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் டூமைக் கழற்றினார். அறுத்த ரப்பர் வழியாகத் தண்ணீர் போய், உள்ளே வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் தேமல் விழுந்த மாதிரி இருந்தது. ஃபேனில் சேறும் ஒரு செத்த ஈசலும். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஃபியூஸ் இல்லை. ரிலேயைத் தேடினார், தேடினார், எங்கேயும் இல்லை. 700 ரூபாய் ரிலே! பல்பைத் தட்டினால் எரிந்தது, மீட்டர் வைத்துப் பார்த்தார்: 1.7 ஆம்ப். பேட்டரி 12 வோல்ட், பெருக்கிக்கொள்ளுங்கள், 20 வாட் சொச்சம். பெட்டியில் 120. அந்த வண்டியில் பேட்டரிக்குப் போகிற சார்ஜே கொஞ்சம்தான், அதில் இதையும் மாட்டினால் பேட்டரி செத்துத்தான் போகும் என்றார்.

அப்புறம் புது 35/35 (பிரைட்டுக்கு 35 வாட், டிம்முக்கு 35 வாட்) ஹாலஜன் ஒன்றைத் துணியால் பிடித்து (கண்ணாடியில் விரல் பட்டால் சீக்கிரம் போய்விடுமாம்) என் கண்ணெதிரே காட்டினார். உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்கு அடியில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு தகரக் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் வெளிச்சத்தை எதிராளி கண்ணுக்கு ஏறாமல் மறைக்கிறது. இழை எங்கே இருக்கிறதோ அதற்கு அளவெடுத்துத்தான் ரிஃப்ளெக்டரையே வளைத்திருக்கிறார்கள். என் எல்.இ.டி.யில் இழை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் வில்லை, வெளிச்சம் கண்டபடி சிதறுகிறது. "உன் பழைய பல்பு மேல தப்பே இல்லடா தம்பி. உன் டூம் கிளாஸ் பத்து வருஷமா தேஞ்சு கிடக்கு. அதை மாத்தியிருந்தாப் போதும்."

சரி, கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள்: "உங்க பேட்டரி வீக்குண்ணே." இரண்டாம் நாள்: "மாஸ்டர் பூசத்துக்குப் போயிருக்காரு, ரெண்டு நாள் கழிச்சு வாங்க." நேரில் போனால் பல்பை வாங்கி வைத்துக்கொண்டு, "கம்பெனிக்கு அனுப்பிச் சொல்றோம்." ஒரு வாரம் போனது. அப்புறம் "தண்ணி போயிருக்கு, அது வாரண்டில வராது." ரப்பரை அறுத்தது உங்கள் பையன்தானே என்று வாட்ஸாப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் அவருடைய போட்டோவே காணோம், பிளாக். இன்று நேரில் போனபோது "அண்ணே" போய்விட்டது. "யோவ், கடை வாசல்ல நின்னு கத்தாத" என்றார். ரிலே எங்கே என்று கேட்டதற்குப் பையன் சிரித்தான். 3,400 ரூபாய் வாங்கியவன் சிரிக்கிறான். பல்பும் அவர்களிடமே இருக்கிறது.

பேட்டரிக்கு 1,200, டூமுக்கு 750 தனி. அதைவிடுங்கள், அந்த 3,400 என் பத்து நாள் கூலி.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது எரிச்சலில் ஒன்றும் ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். கடைச் சுவரில் அடித்துக் காட்டினால் நம்பாதீர்கள், ராத்திரி ரோட்டில் காட்டச் சொல்லுங்கள். ரப்பரை அறுக்கவிடாதீர்கள். 35/35 வண்டிக்கு 60/55 போடு என்பவனிடமும் போகாதீர்கள், மேக்னட் அவ்வளவு தராது. ரிலே போட்டேன் என்றால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. நம்பர் உள்ள பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பழைய பல்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போட்டிருக்கிறேன். ரசீது கேட்டார்கள். எஸ்டிமேட் சீட்டையும் ஜீபே ஸ்கிரீன்ஷாட்டையும்தான் அனுப்பியிருக்கிறேன். மணி ஒன்பதாகிறது, முருங்கைக்காய் லோடு நிற்கிறது, முதலாளி கூப்பிடுகிறார். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.