தலைமையாசிரியரின் இரண்டு மணி நேரம்: எந்த வழியில் மாணவர் தேறுகிறார்கள்?

பள்ளித் தலைமை குறித்த பயிலரங்குகளில் மூன்று பெயர்கள் தவறாமல் அடிபடும்: உருமாற்றத் தலைமை, கற்பித்தல்சார் தலைமை, பகிர்வுத் தலைமை. மூன்றையும் பலகையில் எழுதி, மூன்றும் வேண்டும் என்று முடித்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்குத் திரும்பும் தலைமையாசிரியருக்குக் கோப்பு, கூட்டம், பெற்றோர் புகார், கட்டடப் பழுது எல்லாம் போக ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அதை எதில் போடுவது என்று அந்தப் பலகை சொல்லாது. ஆகவே, நேரத்தைச் செலவிடும் வழிகளாகவே இவற்றை எடுத்து ஒப்பிடுகிறேன்.

தலைமை மாறினால் படிப்பு மாறுமா என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆய்வாளர் ஜேசன் கிரிஸ்ஸமும் வேறு இருவரும் சேர்ந்து அமெரிக்க ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நூறு பேரின் திறன் வரிசையில் கீழிருந்து 25-ஆம் இடத்தில் நிற்கும் ஒரு தலைமையாசிரியருக்குப் பதிலாக 75-ஆம் இடத்தில் நிற்பவர் வந்தால், ஓர் ஆண்டில் மாணவர்கள் கணக்கில் ஏறத்தாழ 2.9 மாதப் படிப்பும் வாசிப்பில் 2.7 மாதப் படிப்பும் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஒரு வகுப்பு மட்டுமல்ல, பள்ளி முழுவதும் பெறும் பலன் இது.

ஊக்க உரையா, பாடமா?

உருமாற்றத் தலைமை பள்ளியில் பிறந்ததல்ல. 1978-இல் ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் அரசியல் தலைவர்களைப் பற்றிப் பேசியதை, 1985-இல் பெர்னார்டு பாஸ் நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். பின்னர் கென்னத் லீத்வுட் போன்றவர்கள் பள்ளிக்குப் பொருத்தினார்கள். பொது இலக்கைக் காட்டுவதும், ஆசிரியர்களுக்கு ஊக்கம் தருவதும், அவரவர் வளர்ச்சியில் அக்கறை காட்டுவதும் அதன் வேலைகள். கற்பித்தல்சார் தலைமை நேராக வகுப்பறையிலிருந்து வந்தது. 1970-களின் பிற்பகுதியில் ரொனால்டு எட்மண்ட்ஸ் போன்றவர்கள், ஏழைக் குழந்தைகள் நன்றாகப் படித்த நகரப் பள்ளிகளைத் தேடிப் போனபோது, பாடத்தில் கண் வைத்த தலைமையாசிரியர்களை அங்கே கண்டார்கள்.

இரண்டையும் தராசில் வைத்தவர் நியூசிலாந்தின் விவியன் ராபின்சன். 2008-இல் அவரும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வில், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டபோது (0 என்றால் விளைவே இல்லை), மாணவர் அடைவின் மீது கற்பித்தல்சார் தலைமையின் சராசரி விளைவு 0.42, உருமாற்றத் தலைமையின் விளைவு 0.11. இதைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. தலைமையின் வேலைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஆசிரியர்களின் பயிற்சியை ஊக்குவித்துத் தானும் அதில் பங்கெடுப்பதற்கு 0.84 கிடைத்தது. ஒழுங்கும் பாதுகாப்பும் உள்ள சூழலை அமைப்பதற்குக் கிடைத்தது 0.27. சில ஆய்வுகளை மட்டுமே வைத்துக் கணக்கிட்டவை இவை, 0.84-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரிசை யோசிக்க வைக்கிறது. பயிற்சியைத் தொடங்கி வைத்துவிட்டு வெளியேறும் தலைமையாசிரியருக்கும், கடைசிவரை ஆசிரியர்களுடன் உட்கார்ந்து குறிப்பெடுப்பவருக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது காட்டுகிறது. உட்கார்ந்தவருக்குத்தான் மறுநாள் வகுப்பில் எது கடினம் என்று தெரியும்.

இதனால் உருமாற்றத் தலைமையை ஒதுக்கிவிட முடியாது. ஹெலன் மார்க்ஸ், சூசன் பிரிண்டி இருவரும் 24 அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2003-இல் எழுதியதில், இரண்டும் ஒருசேர இருந்த பள்ளிகளில்தான் கற்பித்தலும் அடைவும் உயர்ந்திருந்தன. ஊக்கம் மட்டும் இருந்து பாடத்தில் கை வைக்காத தலைமையும் அங்கே இருந்தது. அதற்கு அந்தப் பலன் இல்லை.

பகிர்வுத் தலைமையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஜேம்ஸ் ஸ்பிலேன், பீட்டர் கிரான் ஆகியோர் வளர்த்த இந்தக் கருத்து, பள்ளியில் தலைமை உண்மையில் எப்படிப் பலர் வழியாக நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள நல்ல கண்ணாடி. செயல்திட்டமாக மாற்றும்போதுதான் சிக்கல்: பொறுப்பு இறங்கும், அதிகாரமும் நேரமும் இறங்காது. மூத்த ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைக்காமல் 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர் கொடுத்தால் கூடுவது அவருடைய படிவங்கள் மட்டுமே.

எட்டிப் பார்ப்பதா, உடன் உட்காருவதா?

பாடத்தில் கவனம் என்று முடிவெடுத்த பிறகும் பாதை இரண்டாகப் பிரிகிறது. என் பார்வையில் உண்மையான போட்டி இங்கேதான். ஒரு வழி, வகுப்புகளைச் சுற்றிப் பார்ப்பது: ஐந்து, பத்து நிமிடம் நின்று, படிவத்தில் குறியிட்டு அடுத்த வகுப்புக்கு நகர்வது. இன்னொன்று, குறைந்த ஆசிரியர்களுடன் கூடுதல் நேரம்: பாடத்தை முழுதாகப் பார்த்து, பிறகு பேசி, அடுத்த பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, மீண்டும் போய்ப் பார்ப்பது.

கிரிஸ்ஸம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் சுமார் 100 தலைமையாசிரியர்களின் நாளைப் பின்தொடர்ந்து பதிவுசெய்தார்கள். ஆய்வு 2013-இல் வெளியானது. கற்பித்தல் தொடர்பான வேலைகளுக்குப் போன நேரம் 12.7 விழுக்காடு. அதில் பெரும் பங்கு சுற்றிப் பார்ப்பதற்கே. ஆசிரியருக்கு நேரடியாக வழிகாட்டப் போன நேரம் மாணவர் முன்னேற்றத்துடன் சேர்ந்து ஏறியது. சுற்றிப் பார்ப்பதில் போன நேரமோ எதிர்த்திசையில் இருந்தது, குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில். ஆசிரியர்கள் அதைத் தங்கள் வளர்ச்சிக்கானதாகக் கருதாத இடங்களில் பாதிப்பு இன்னும் கூடுதல்.

இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை முழுவதும் நிறுவாது. சரிந்துகொண்டிருக்கும் பள்ளியில் தலைமையாசிரியர் அதிகம் சுற்றுகிறார் என்றும் வாதிடலாம். ஆனாலும் நடப்பை யோசித்தால் ஆச்சரியம் இல்லை. பத்து நிமிடப் பார்வையில் கண்ணில் படுவது கரும்பலகை, அமைதி, பாடக்குறிப்பேடு. பின்னங்களில் மாணவன் எங்கே இடறுகிறான் என்பது படாது. பட்டாலும், அன்று மாலை அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கப்பட்டிருக்காது. பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.

கல்லூரியில் அதே போட்டி

கல்லூரி முதல்வருக்கு முன்னே நிற்கும் தேர்வு வேறு மாதிரித் தெரியும்: தரவு எச்சரிக்கை முறையா, மாணவரைச் சுற்றி முழு ஆதரவா?

எச்சரிக்கை முறைக்குக் கொடி பிடிப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். 2012 முதல் ஒவ்வொரு மாணவரையும் 800-க்கும் மேற்பட்ட அபாயக் குறிகளைக் கொண்டு நாள்தோறும் கண்காணிக்கிறார்கள். 2003-இல் 32 விழுக்காடாக இருந்த பட்டம் பெறும் விகிதம் பத்தே ஆண்டுகளில் 50-ஐத் தாண்டியது. இதைக் கேட்டதும் மென்பொருள் வாங்க ஆணை போடும் நிர்வாகங்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதே நேரத்தில் அங்கே 42 ஆலோசகர்களைக் கூடுதலாக நியமித்தார்கள். குறி எழுந்தால் அழைத்துப் பேச ஆள் இருந்தார்.

பின்னர் இதே வழியை 11 பல்கலைக்கழகங்களில், 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாக எடுத்தால் தெளிவான பலன் இல்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் இருந்தது. முறை பயணம் செய்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள்பலமும் பழக்கமும் பயணம் செய்யவில்லை.

மறுபக்கம், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் தொடங்கிய 'அசாப்' திட்டம். முழுநேரப் படிப்பு கட்டாயம். கட்டணப் பற்றாக்குறை, பாடநூல், போக்குவரத்து ஆகியவற்றுக்கு உதவி. ஆய்வு நடந்த காலத்தில் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள் இருந்தார்கள். வழக்கமான மாணவர்களுக்கு ஓர் ஆலோசகரிடம் 600-க்கும் மேல். குலுக்கல் முறை ஆய்வில் மூன்று ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் 40 விழுக்காடு. திட்டத்தில் சேராத குழுவில் 22. ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் அதே அளவுக்கு ஏற்றம் கிடைத்தது. இடம் மாறியும் நிலைத்த பலன் என்பதால் எனக்கு இதன்மீது நம்பிக்கை அதிகம்.

விலைதான் தடை. நியூயார்க்கில் மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவருக்கு ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதலாகச் செலவானது. ஆனால் மாணவர் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கிடைத்த பட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பட்டத்துக்கான செலவு வழக்கமான வழியைவிடக் குறைவு. நிதிக் குழுவிடம் எடுத்துப்போக வேண்டிய கணக்கு இதுதான். ஏனோ யாரும் எடுத்துப்போவதில்லை.

என் தேர்வு

பள்ளியில், சுற்றிப் பார்க்கும் நேரத்தைப் பாதியாக்கி, ஒரு பருவத்துக்கு நான்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுடன் முழுப் பாடங்களுக்கு உட்காரும் தலைமையாசிரியரையே விரும்புவேன். மற்ற ஆசிரியர்களின் முறை அடுத்த பருவத்தில் வரட்டும். மேலதிகாரிக்குக் காட்டப் படிவங்கள் குறையும். அதைச் சமாளிப்பதும் தலைமையின் வேலைதான்.

கல்லூரியில் பணம் குறைவு என்றால் மென்பொருளைத் தள்ளிவைக்கலாம். முதல் ஆண்டின் முதல் பருவத்தில் வருகை சரிந்தவர்களையும் முதல் உள்தேர்வில் தோற்றவர்களையும் கண்டுபிடிக்கத் துறையில் இருக்கும் பதிவேடே போதும். அந்தப் பட்டியலை எழுபது எழுபது பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக்கி, அவருடைய வாரப் பாடவேளையில் நான்கு மணி நேரத்தைக் குறைத்துத் தர வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தைத் தர முடியாத கல்லூரி எச்சரிக்கை முறையை வாங்காமல் இருப்பதே மேல்.