ஒரு மரபுத்தொடர்க் கையேடும் உயர்த்திய கட்டைவிரலும்

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், வகுப்பறைப் பயன்பாட்டுக்கென அண்மையில் ஆங்கில மரபுத்தொடர்க் கையேடு ஒன்றை வாங்கினேன். தாளும் அச்சும் கட்டும் நன்றாகவே உள்ளன. ஆயினும் தொடரின் பொருளைச் சொல்வது வேறு, அதைக் கையாளக் கற்றுத்தருவது வேறு என்பதை, ஒப்புதலைக் குறிக்கும் ‘தம்ப்ஸ் அப்’ என்ற பதிவைப் படித்தபோது உணர்ந்தேன்.

‘சம்மதித்தல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கையேடு நின்றுவிடுகிறது. மேலதிகாரி ஒரு திட்டத்துக்குத் ‘தம்ப்ஸ் அப்’ கொடுத்தார் என்றோ, திட்டம் அவரிடமிருந்து ‘தம்ப்ஸ் அப்’ பெற்றது என்றோதான் ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் வரும். இந்த இரண்டு வினைகளையும் கையேடு குறிப்பிடவே இல்லை. இது பேச்சுவழக்குச் சாயல் கொண்ட தொடர் என்பதையும், விண்ணப்பத்தில் எழுதத் தக்கதன்று என்பதையும் மாணவர் எங்கிருந்து அறிவார்? தொடங்க இசைவு தருதல் என்ற பொருளில் நம் ‘பச்சைக்கொடி காட்டுதல்’ இதற்கு நன்கு பொருந்தும். ஒரு திரைப்படம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் இடத்தில் பொருந்தாது. இந்த வேறுபாட்டை விளக்க இரண்டு எடுத்துக்காட்டுகள் போதுமானவையாக இருந்திருக்கும்.

பண்டைய ரோமானியர்கள் கட்டைவிரலை உயர்த்தி, அரங்கில் பொருது தோற்ற கிளாடியேட்டர் வீரர்களின் உயிரைக் காத்தனர் என்று கையேடு உறுதியாகக் கூறுவது எனக்கு வருத்தம் அளித்தது. பழைய லத்தீன் நூல்கள் விரலைத் ‘திருப்பியதாக’ மட்டுமே சொல்கின்றன. எந்தப் பக்கம் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. கீழ்நோக்கிய விரல் மரணத்தைக் குறிக்கும் என்ற காட்சியைப் பரவச் செய்ததில் பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1872இல் தீட்டிய ஓவியத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்றைய பயன்பாடு பற்றியும் கையேட்டில் ஒரு வரி இல்லை. கனடாவின் சஸ்காட்செவனில், கைப்பேசியில் வந்த ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்துக்கு உயர்த்திய கட்டைவிரல் குறியை மட்டும் பதிலாக அனுப்பிய உழவர் ஒருவர், ‘கிடைத்தது’ என்ற பொருளிலேயே அனுப்பியதாக வாதிட்டார். அதை ஒப்புதலாகவே கொண்ட நீதிமன்றம், 2023இல் 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. நாள்தோறும் அக்குறியை அனுப்பும் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆசிரியர் உடனிருந்து விளக்குவதாக இருந்தால் கையேட்டை வாங்கலாம். தானே படித்துக்கொள்ள நினைக்கும் மாணவருக்கு என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.